எல்லைத் துணை மின் நிலையத்தில் கோளாறு: அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

தொடரமைப்புக்கும் (உயர் அழுத்தத்தில் தொலைதூரம் மின்சாரம் கொண்டுசெல்வது) பகிர்மானத்துக்கும் (அதை ஊர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) நடுவில் நிற்பது ஒரு மின்மாற்றி. மேலே 110 அல்லது 132 கே.வி., கீழே 33 அல்லது 11 கே.வி. கீழ்ப்பக்கத்தில் கூரை சோலார், காற்றாலை, சிறு நீர்மின் நிலையம், பேட்டரி என்று சேரச் சேர, அந்த மின்மாற்றி வழியாக மின்சாரம் இரண்டு திசையிலும் ஓடத் தொடங்குகிறது. அதன் பிறகு வரும் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு அறிகுறி ஒரு பக்கம் தெரியும், காரணம் மறுபக்கம் இருக்கும். ஒரு பக்கத்தவர் மட்டும் செட்டிங்கை மாற்றினால் கோளாறு இடம் மாறும், தீராது.

எந்த அறிகுறியானாலும் முதலில் ஐந்து விஷயங்களைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள்: மின்மாற்றியின் இரு பக்கத்து மெகாவாட், மெகாவார் (வேலை செய்யாமல் போய்வரும் ரியாக்டிவ் பவரின் அளவு), வோல்டேஜ் (ஒரே கடிகாரத்தில், ஒரு நிமிட இடைவெளியில்), டேப் (மின்மாற்றியின் சுற்று விகிதத்தை மாற்றி வோல்டேஜை ஏற்றி இறக்கும் படி) நிலையின் பதிவு, ரிலே (கோளாறைக் கண்டு பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) செட்டிங் தாள், அந்த நேரத்தில் மூடியிருந்த, திறந்திருந்த ஸ்விட்சுகள், உற்பத்தி நிலையங்களின் இன்வெர்ட்டர் (சோலார், பேட்டரி மின்சாரத்தை மாறுதிசை மின்சாரமாக்கும் கருவி) நிகழ்வுப் பதிவு. மேல்பக்கத்துப் பதிவு உடனடி மதிப்பாகவும் கீழ்ப்பக்கத்துப் பதிவு 15 நிமிட சராசரியாகவும் இருந்தால் இரண்டையும் ஒப்பிடாதீர்கள். மேகம் மறைத்து விலகும் ஒரு நிமிடத்தில் நடந்தது சராசரியில் கரைந்துபோயிருக்கும்.

மதியத்தில் கிராஃப் பூஜ்ஜியத்தைத் தொட்டுத் தட்டையாக நிற்கிறது, அல்லது துள்ளி மேலே ஏறுகிறது

இதை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. அளவீடு பொய் சொன்னால் கீழே வரும் எந்தச் சோதனையும் பயன்படாது.

வெயில் நாளில் எல்லை மின்மாற்றியின் மெகாவாட் கிராஃபை எடுங்கள். காலை 10 மணியிலிருந்து இறங்கி வந்து, பூஜ்ஜியத்தில் தரைதட்டி, மூன்று மணி நேரம் கோடு போட்டதுபோல் நின்று, பிறகு ஏறுகிறதா? அங்கே இருக்கும் டிரான்ஸ்டியூசர் (அளவை மில்லிஆம்பியர் சமிக்ஞையாக மாற்றி அனுப்பும் கருவி) ஒரு திசையை மட்டுமே அளக்கிறது. திசை திரும்பியதும் அது தன் கீழ் எல்லையான 4 மில்லிஆம்பியரில் நின்றுவிடுகிறது. பல மெகாவாட் மின்சாரம் மேலே போய்க்கொண்டிருக்கும், கட்டுப்பாட்டு மையத்துக்கோ பூஜ்ஜியம்தான் தெரியும்.

இன்னொரு வகை இதைவிட ஆபத்தானது. கிராஃப் பூஜ்ஜியத்தைத் தொட்ட கணத்தில் கூர்மையாகத் துள்ளி மேலே ஏறும், 4 மெகாவாட் வரை போகும், திரும்ப இறங்கிப் பூஜ்ஜியத்தைத் தொடும், மறுபடி ஏறும். மொத்தத்தில் பட்டையான ஒரு 'W' வடிவம். மீட்டர் குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் காட்டுகிறது என்று அர்த்தம். பார்ப்பவர் மதியத்தில் 4 மெகாவாட் சுமை இருப்பதாக நினைப்பார். உண்மையில் 4 மெகாவாட் எதிர்த்திசையில் போகிறது. பிழை 8 மெகாவாட். இயற்கையான சுமைக் கோடு பூஜ்ஜியத்தில் அப்படி முனை மடங்காது, அதனால் அந்தக் கூர்மையான முனையே போதுமான சாட்சி.

சரிசெய்ய: நான்கு கால்பகுதியும் (மெகாவாட், மெகாவார் இரண்டையும் இரு திசையிலும்) அளக்கும் மீட்டரைப் போடுங்கள், அல்லது டிரான்ஸ்டியூசர் அளவீட்டை எதிர்ம எல்லை – பூஜ்ஜியம் – நேர்ம எல்லை என்பது 4–12–20 மில்லிஆம்பியராக வரும்படி மாற்றுங்கள். மாற்றியபின் கட்டுப்பாட்டு மையத்திலும் அளவுகோலை மாற்ற வேண்டும்; ஒரு முனையில் மட்டும் மாற்றிவிட்டுப் போவது வழக்கமான தவறு. அடுத்து, குறி மரபை இரு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். பகிர்மானத்தார் மேலிருந்து வாங்குவதை நேர்மம் என்பார்கள், தொடரமைப்பார் பஸ்ஸிலிருந்து (லைன்கள் எல்லாம் சேரும் பொதுக் கடத்தி) வெளியே போவதை நேர்மம் என்பார்கள், சூரிய நிலையத்தார் உற்பத்தியை நேர்மம் என்பார்கள். மூன்றும் தனித்தனியே சரிதான், ஒன்றாகக் கூட்டினால் குழப்பம். சோதனை எளிது: இரவு 9 மணிக்கு சூரிய உற்பத்தி இல்லாதபோது எல்லாக் குறியும் ஒரு முறை, வெயில் நாளின் மதியத்தில் ஒரு முறை, தொலைபேசியில் பேசியபடி இரு முனையிலும் வாசித்து ஒப்பிடுங்கள்.

ஃபீடர் கடைசியில் மதியம் இன்வெர்ட்டர்கள் 'வோல்டேஜ் அதிகம்' என்று நின்றுவிடுகின்றன

ஃபீடர் என்பது துணை மின் நிலையத்திலிருந்து கிளம்பும் பகிர்மான லைன். கணக்கு இதுதான்: வோல்டேஜ் ஏற்றம் ஏறக்குறைய (தடை × மெகாவாட் + ரியாக்டன்ஸ் × மெகாவார்) ÷ வோல்டேஜ். 11 கே.வி. லைனில் கிலோமீட்டருக்கு 0.4 ஓம் தடை, 10 கிலோமீட்டர் என்றால் 4 ஓம். கடைசியில் 2 மெகாவாட் உள்ளே வந்தால் 4 × 20,00,000 ÷ 11,000, அதாவது சுமார் 727 வோல்ட். 6.6 சதவீத ஏற்றம். மேலே ஏற்கெனவே டேப் 3 சதவீதம் உயர்த்தி வைத்திருந்தால் மொத்தம் 10 சதவீதத்தை நெருங்கிவிடும்.

முதலில் லைனைக் குறை சொல்லாமல் இன்வெர்ட்டர் முனையிலும் கம்பத்திலும் ஒரே நேரத்தில் வோல்டேஜ் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 2 சதவீதத்துக்கு மேல் இருந்தால் சர்வீஸ் கேபிள் மெலிது, அல்லது முனை இறுக்கமில்லை. வித்தியாசம் இல்லையென்றால் மூன்று ஃபேஸையும் பாருங்கள். தாழ்வழுத்த லைனில் ஒற்றை ஃபேஸ் இன்வெர்ட்டர்கள் எல்லாம் ஒரே ஃபேஸில் விழுந்திருப்பது அடிக்கடி நடக்கும். அதே மொத்த உற்பத்தியை மூன்று ஃபேஸிலும் சமமாகப் பிரித்தால் வரும் ஏற்றத்தைப்போல் ஆறு மடங்கு வரை, ஒரே ஃபேஸில் போட்டால் வரும். நியூட்ரலும் அதே கனம் என்றால் கணக்கு அப்படித்தான் வருகிறது. ஏணியும் இரண்டு மணி நேர மின்தடையும் கொண்டு தீரும் வேலைக்குப் புதுக் கம்பி இழுக்கத் திட்டம் போட வேண்டாம்.

ஃபேஸும் சரி என்றால்தான் செட்டிங். வரிசை முக்கியம்: முதலில் மேலே உள்ள டேப் சேஞ்சரின் இலக்கு வோல்டேஜைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள், மாலை உச்ச நேரத்தில் வேறு ஃபீடரின் கடைசியில் வோல்டேஜ் எவ்வளவு என்று அளந்தபிறகே குறையுங்கள். அடுத்தது இன்வெர்ட்டரின் வோல்ட்–வார் வளைவு, அதாவது வோல்டேஜைப் பார்த்து மெகாவாரை மாற்றுவது. ஐ.இ.இ.இ. (மின்பொறியாளர்களின் உலக அமைப்பு) 1547-2018 தரத்தின் 'பி' வகைக்கான இயல்பு வளைவில், பெயரளவு வோல்டேஜின் 0.98 மடங்கு முதல் 1.02 மடங்கு வரை எதுவும் செய்யாது, 1.08-ல் கொள்ளளவின் 44 சதவீதம் ரியாக்டிவ் பவரை உள்ளே இழுக்கும். மேலே சொன்ன லைனில் ரியாக்டன்ஸ் மொத்தம் 3.5 ஓம் என்றால், 0.5 மெகாவார் இழுத்தால் 159 வோல்ட் இறங்கும், 1.4 சதவீதம். உதவிதான், ஆனால் தடை அதிகமான லைனில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. கடைசியாக வோல்ட்–வாட்: 1.06-க்கு மேல் உற்பத்தியைப் படிப்படியாகக் குறைப்பது. முழுதாக டிரிப் ஆவதைவிட இது எவ்வளவோ மேல். ஒரே நேரத்தில் நூறு இன்வெர்ட்டர் நின்று, ஐந்து நிமிடம் கழித்து நூறும் சேர்ந்து வந்து, வோல்டேஜை ஏற்றி மறுபடி நிற்கும் விளையாட்டு இதில் நின்றுவிடும்.

வோல்ட்–வார் போட்டதும் இன்னொரு கேள்வி எழும். இன்வெர்ட்டர்கள் இழுக்கும் ரியாக்டிவ் பவர் எங்கிருந்து வரும்? மேலே தொடரமைப்பிலிருந்துதான். ஆகவே ஒரு ஃபீடருக்கு மேல் இதைப் போடுவதற்கு முன் மேல்பக்கத்தாருக்குச் சொல்லிவிட வேண்டும்.

டேப் சேஞ்சர் ஒரு ஓரத்துக்கு ஓடிப்போய் நிற்கிறது

லைன் நடுவே கட்டியிருக்கும் வோல்டேஜ் ரெகுலேட்டர்களில் இது நன்றாகத் தெரியும். 32 படி, ஒவ்வொன்றும் எட்டில் ஐந்து பங்கு சதவீதம் (0.625), மொத்தம் கூட்டல் கழித்தல் 10 சதவீதம். மதியம் ஒன்றன்பின் ஒன்றாகப் படி ஏறிப் பதினாறாவது படியில் முட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு அப்பால் உள்ள வீடுகளில் வோல்டேஜ் எகிறும்.

என்ன நடக்கிறது என்று பாருங்கள். ரெகுலேட்டரின் கட்டுப்பாடு 'இரு திசை' முறையில் இருக்கிறது. மின்சாரம் திரும்பி ஓடினால், ரிங் ஸ்விட்சை (ஃபீடரின் கடைசியை வேறு ஃபீடரோடு இணைப்பது) மாற்றி மறுமுனையிலிருந்து ஊட்டுகிறார்கள் என்று அது எடுத்துக்கொள்கிறது. அதனால் தன் பின்பக்கத்து வோல்டேஜை, அதாவது துணை மின் நிலையப் பக்கத்தை, இலக்குக்குக் கொண்டுவர முயல்கிறது. உண்மையில் மறுமுனையில் இருப்பது சூரிய நிலையம். மின்தொகுப்பு இன்னும் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. அந்தப் பக்கத்து வோல்டேஜ் மலைபோல அசையாது. அசையாததை அசைக்க ஒவ்வொரு படியாகத் தட்டும்போது, அசையக்கூடிய சூரியப் பக்கம்தான் மாறிக்கொண்டே போகிறது. பின்பக்கம் இலக்கைவிடச் சற்று அதிகமாக இருந்தால் சூரியப் பக்கம் மேல் ஓரத்துக்கு ஓடும். சற்றுக் குறைவாக இருந்தால் கீழ் ஓரத்துக்கு.

கட்டுப்பாட்டை 'கோஜெனரேஷன்' முறைக்கு மாற்றுங்கள். அதில் மின்சாரம் எந்தத் திசையில் ஓடினாலும் முன்பக்கத்து வோல்டேஜையே பார்க்கும். ஆனால் உண்மையிலேயே ரிங் மாற்றி மறுமுனையிலிருந்து ஊட்டும் நாளில் இந்த முறை தவறாகிவிடும். அன்றைக்கு இரு திசை முறைதான் வேண்டும். ஆகவே இரண்டு செட்டிங் தொகுதிகளாக வைத்து, ரிங் ஸ்விட்சின் நிலையோடு தொகுதி மாற்றத்தைக் கட்டிவையுங்கள். கையால் மாற்றும் இடத்தில், ஸ்விட்சிங் தாளிலேயே அதை ஒரு வரியாக எழுதிவிடுங்கள். தனிக் குறிப்பாக வைத்தால் நள்ளிரவு மின்தடையில் யாரும் தேடிப் படிக்கமாட்டார்கள்.

பெரிய மின்மாற்றியில் இதற்கு ஒரு தம்பி உண்டு: லைன் டிராப் காம்பன்சேஷன். அது மின்மாற்றி வழியாக ஓடும் மின்னோட்டத்தைப் பார்த்து இலக்கை உயர்த்தும். முழுச் சுமை 12 மெகாவாட்டுக்கு 3 சதவீதம் உயர்த்தும்படி வைத்திருக்கிறீர்கள். நான்கு ஃபீடரில் ஒன்றில் 5 மெகாவாட் சூரிய மின்சாரம் வருகிறது என்று கொள்ளுங்கள். மின்மாற்றிக்குத் தெரிவது 7 மெகாவாட்தான். உயர்த்துவது 1.75 சதவீதம். மற்ற மூன்று ஃபீடரும் முழுச் சுமையில் இருந்தாலும் 1.25 சதவீதம் குறைத்தே வாங்கும். சூரிய ஃபீடரில் வோல்டேஜ் அதிகம் என்றும் பக்கத்து ஃபீடரில் குறைவு என்றும் ஒரே மதியத்தில் இரண்டு புகாரும் வந்தால் இதைச் சந்தேகியுங்கள். அந்த ஒரு ஃபீடரின் சி.டி.யை (மின்னோட்டம் அளக்கும் சிறு மின்மாற்றி) கணக்கிலிருந்து கழித்துவிடலாம், அல்லது காம்பன்சேஷனை அணைத்துவிட்டு நிலையான இலக்கு வைக்கலாம்.

இதோடு ஒரு எச்சரிக்கை. ஒற்றை ரெசிஸ்டர் வகைப் பழைய டேப் சேஞ்சர்களுக்கு எதிர்த்திசை மின்னோட்டத்தில் படி மாற்றும் திறன் குறைவு. எதிர்த்திசை ஓட்டத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் தயாரிப்பாளர் தாளைப் பாருங்கள். மின்மாற்றி எதிர்த்திசையில் எவ்வளவு தாங்கும் என்பதும், டேப் சேஞ்சர் எவ்வளவு தாங்கும் என்பதும் ஒன்றல்ல.

டேப் நாள் முழுக்க மேலும் கீழும் ஆடுகிறது

மேல் மின்மாற்றியும் கீழ் மின்மாற்றியும் ஒரே தாமதத்தில் இருந்தால் இரண்டும் ஒரே மேகத்துக்குச் சேர்ந்து பதில் சொல்லும். மேலே உள்ளது முதலில், கீழே உள்ளது பிறகு என்று வையுங்கள்: மேலே 30 வினாடி, அடுத்தது 60, லைன் ரெகுலேட்டர் 90 என்பது நல்ல தொடக்கம். இன்வெர்ட்டரின் வோல்ட்–வார் சில வினாடிகளில் வேலை செய்வதால் அதற்கு மோதல் இல்லை.

அருகருகே இரண்டு உற்பத்தி நிலையங்கள் நேரடி வோல்டேஜ் கட்டுப்பாட்டில் இருந்து, ஒன்று மெகாவார் தள்ள மற்றொன்று அதையே இழுத்துக்கொண்டிருந்தால், ஒன்றை மட்டும் அரை மணி நேரம் நிலையான பவர் ஃபேக்டரில் (மெகாவாட்டும் மெகாவாரும் சேர்ந்த மொத்தத்தில் மெகாவாட்டின் பங்கு) வையுங்கள். ஆட்டம் நின்றால் இரண்டுக்கும் இடையே சரிவு (வோல்டேஜ் விலகும் அளவுக்கேற்ப மெகாவாரை மெல்ல மாற்றும் விதி) இல்லை என்று பொருள். இரண்டிலும் வோல்டேஜ்–மெகாவார் சரிவு போட்டால் பங்கைப் பிரித்துக்கொள்ளும்.

எல்லையில் பவர் ஃபேக்டர் மதியம் படுத்துவிடுகிறது

காலையில் 40 மெகாவாட், 13 மெகாவார். பவர் ஃபேக்டர் 0.95. மதியம் கீழே 30 மெகாவாட் சூரிய மின்சாரம், பவர் ஃபேக்டர் 1-ல் வருகிறது. எல்லையில் இப்போது 10 மெகாவாட், அதே 13 மெகாவார். பவர் ஃபேக்டர் 0.61. சுமைகளில் ஒன்றும் மாறவில்லை, ரியாக்டிவ் பவர் ஒரு மெகாவார்கூடக் கூடவில்லை. வகுக்கும் எண் மட்டும் சுருங்கிவிட்டது.

இங்கே செய்யும் தவறு, பவர் ஃபேக்டரைப் பார்த்து வேலை செய்யும் கபாசிட்டர் (மெகாவார் கொடுக்கும் கருவி) கட்டுப்பாடு. 0.61 என்று பார்த்ததும் இருக்கிற கபாசிட்டர் எல்லாவற்றையும் உள்ளே போடும். மெகாவாட் திசை திரும்பினால் பவர் ஃபேக்டரின் குறியும் மாறிவிடும். அப்போது சில பழைய கட்டுப்பாடுகள் போட வேண்டியதை எடுக்கும், எடுக்க வேண்டியதைப் போடும். பவர் ஃபேக்டரை விட்டுவிட்டு, மெகாவாரையும் பஸ் வோல்டேஜையும் வைத்துக் கபாசிட்டரைப் போட்டு எடுக்கும்படி மாற்றுங்கள். எல்லை ஒப்பந்தத்திலும் பவர் ஃபேக்டருக்குப் பதில் மெகாவார் வரம்பு எழுதிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது.

தொடரமைப்பு வோல்டேஜ் வெயில் நாளிலும் விடுமுறை நாளிலும் ஏறிக்கொண்டே போகிறது

மேல் லைன்களில் ஓட்டம் குறைந்தால் அவை தாமே மெகாவார் உற்பத்தி செய்யும். கீழே கேபிள்களும் மறந்துபோய் விட்ட நிலையான கபாசிட்டர்களும் மெகாவாரை மேலே தள்ளும். அதே நேரத்தில் வோல்டேஜைப் பிடித்து வைத்திருந்த பெரிய ஜெனரேட்டர்கள் நிறுத்தப்பட்டிருக்கும். மூன்றும் சேரும் நேரம் மதியம்.

2025 ஏப்ரல் 28 அன்று மதியம் 12:33-க்கு ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஏறக்குறைய முழுதாக இருண்டபோது, வோல்டேஜ் ஏற்றமும் அதனால் அடுத்தடுத்து உற்பத்தி டிரிப் ஆனதும்தான் சங்கிலியாக நடந்தன. வோல்டேஜ் ஏறி ஒரு நிலையம் நின்றால், அது சுமந்த லைனில் ஓட்டம் குறைந்து வோல்டேஜ் இன்னும் ஏறும். அடுத்த நிலையம் நிற்கும். நிற்கிற ஒவ்வொன்றும் நிலைமையை மோசமாக்குவதால் இது தானாக நிற்காது.

கீழ்ப்பக்கத்தில் செய்ய வேண்டியது: நிலையான கபாசிட்டர்களைக் கணக்கெடுத்து ஸ்விட்ச் வையுங்கள். பின்னிரவு, விடுமுறை மதியம் இரண்டிலும் எல்லை மெகாவாரை அளந்து பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2016-ஆம் ஆண்டு சுமை இணைப்பு விதி இதற்கு ஒரு நல்ல அளவுகோல்: எல்லையில் வாங்கும் மெகாவாட் உச்ச அளவின் 25 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது பகிர்மான அமைப்பு மெகாவாரை மேலே அனுப்பாமல் இருக்கும் திறன் பெற்றிருக்க வேண்டும். மேல்பக்கத்தில் ஷண்ட் ரியாக்டர் (மெகாவாரை உறிஞ்சும் சுருள்) உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். சூரிய நிலையங்கள் நிலையான பவர் ஃபேக்டரில் இருந்தால், மேலே வோல்டேஜ் எவ்வளவு ஏறினாலும் அவை ஒரு மெகாவாரும் கூடுதலாக இழுக்காது. பெரிய நிலையங்களையாவது வோல்டேஜ் கட்டுப்பாட்டுக்கு மாற்றக் கேளுங்கள்.

பழுதே இல்லாமல் இன்கமர் பிரேக்கர் (மின்மாற்றியிலிருந்து பஸ்ஸுக்கு வருவது) மதியத்தில் டிரிப் ஆகிறது

இரண்டு மின்மாற்றிகள் இணையாக ஓடும் இடங்களில் திசை உணரும் ஓவர்கரண்ட் ரிலே இருக்கும். மேல் லைனில் பழுது வந்தால் கீழிருந்து திரும்பி ஓடும் மின்னோட்டத்தை வெட்டுவது அதன் வேலை. அந்தக் காலத்தில் கீழே உற்பத்தியே இல்லை என்பதால், மின்மாற்றி மதிப்பில் பாதி அளவுக்கு வைத்திருப்பார்கள். இன்று சூரிய மின்சாரம் அந்தப் பாதியை எட்டினால் ரிலே அதைப் பழுது என்றே எடுத்துக்கொள்ளும்.

செட்டிங்கைச் சும்மா உயர்த்திவிடாதீர்கள். உயர்த்தினால் உண்மையான பழுதில் அது தூங்கிவிடும். ரிலே பதிவில் மின்னோட்டத்துக்கும் வோல்டேஜுக்கும் உள்ள கோணத்தைப் பாருங்கள். உற்பத்தி திரும்பி ஓடும்போது இரண்டும் ஏறக்குறைய 180 டிகிரியில் நிற்கும், வோல்டேஜ் இயல்பாக இருக்கும். பழுதில் மின்னோட்டம் ரியாக்டிவ் கோணத்துக்குச் சாயும், வோல்டேஜ் சரியும். இந்த வித்தியாசத்தை வைத்து வேலை செய்யும் சுமை மறைப்பு வசதி எண்ம ரிலேக்களில் இருக்கிறது; அதை இயக்குங்கள்.

மறைவான இன்னொன்று: மின்மாற்றியின் மேல் சுற்று டெல்டா, அல்லது எர்த் இல்லாத ஸ்டார் என்றால், மேல் லைனில் ஒரு ஃபேஸ் எர்த் ஃபால்ட் வந்து தொலைமுனை பிரேக்கர் திறந்தபின்பும், கீழே உள்ள உற்பத்தி அந்த லைனை உயிரோடு வைத்திருக்கும். எர்த் இல்லாத லைனில் நல்ல இரண்டு ஃபேஸ் 1.73 மடங்கு வரை ஏறும். லைனில் இடிதாங்கி அரெஸ்டர்கள் காரணமில்லாமல் வெடித்தால் இதைத் தேடுங்கள். மேல்பக்கத்தில் நியூட்ரல் வோல்டேஜ் ரிலேயும், தொலைமுனையிலிருந்து நேரடி இன்டர்டிரிப்பும் (அங்கே திறந்தால் இங்கேயும் திறக்கச் சொல்லும் சமிக்ஞை) இதற்கு மருந்து.

எங்கோ விழுந்த இடிக்கு இங்கே உற்பத்தி எல்லாம் நின்றுவிடுகிறது

தீவாகிப்போனால் (தொகுப்பிலிருந்து துண்டாகி உள்ளூர் உற்பத்தியில் மட்டும் ஓடினால்) நிற்க வேண்டும் என்று வைத்த பாதுகாப்பு, தீவாகாதபோதும் நின்றால் தொகுப்புக்கே ஆபத்து. பிரிட்டனில் 2019 ஆகஸ்ட் 9 அன்று நடந்தது இதற்குப் பாடம். லைனில் இடி, ஹார்ன்சீ கடல் காற்றாலையும் லிட்டில் பார்ஃபோர்டு எரிவாயு நிலையமும் உற்பத்தியை இழந்தன, அதே கணத்தில் வோல்டேஜ் அலையின் கோணம் தாவுவதைப் பார்க்கும் கோண மாற்ற ரிலேக்களாலும், அலைவெண் மாறும் வேகத்தைப் பார்க்கும் ரிலேக்களாலும் பகிர்மானத்தில் இருந்த நூற்றுக்கணக்கான மெகாவாட் சிறு உற்பத்தியும் போனது. அலைவெண் 48.8 ஹெர்ட்ஸ் வரை இறங்கி, சுமார் பத்து லட்சம் இணைப்புகள் வெட்டப்பட்டன. அலைவெண் வேக ரிலேயின் பழைய செட்டிங் வினாடிக்கு 0.125 ஹெர்ட்ஸ். பிறகு அதை வினாடிக்கு 1 ஹெர்ட்ஸ், அரை வினாடித் தாமதம் என்று மாற்றினார்கள். கோண மாற்ற ரிலேயை எடுத்தே விட்டார்கள்.

ஜெர்மனியில் இதன் மறுமுகம். 50.2 ஹெர்ட்ஸைத் தொட்டதும் உடனே நிற்க வேண்டும் என்று சூரிய இன்வெர்ட்டர்களுக்குப் பழைய விதி இருந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் நியாயமான விதிதான். ஆனால் கண்டம் முழுவதற்கும் வைத்திருந்த முதல்நிலை இருப்பு (திடீர் இழப்பை உடனே ஈடுகட்டத் தயாராக இருப்பது) 3,000 மெகாவாட். ஒரே புள்ளியில் நிற்கக்கூடிய சூரிய உற்பத்தி அதைவிடப் பெரிதாகிவிட்டது. 2012-இல் தனி ஆணை போட்டு இன்வெர்ட்டர்களை மாற்றியமைத்தார்கள். புதியவை 50.2-க்கு மேல் ஹெர்ட்ஸுக்கு 40 சதவீதம் என்ற சரிவில் உற்பத்தியைக் குறைக்கின்றன.

உங்கள் பக்கம் பார்க்க: டிரிப் ஆன ஒவ்வொரு நிலையத்தின் இன்வெர்ட்டர் பதிவிலிருந்தும் காரணக் குறியை எடுத்து, எத்தனை மெகாவாட் எந்தக் குறிக்கு என்று அட்டவணை போடுங்கள். ஒரே குறியில் பாதிக்கு மேல் விழுந்தால் அதுதான் பொதுச் செட்டிங். கூரை சோலாரில் பதிவு எடுக்க முடியாது. அங்கே நிறுவிய ஆண்டை வைத்து எந்த விதிப்படி வந்தவை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

அலைவெண் குறைந்தால் வெட்டும் ஃபீடர் பட்டியலையும் கையோடு பாருங்கள். மதியத்தில் மின்சாரத்தை மேலே அனுப்பும் ஃபீடரை வெட்டினால் பற்றாக்குறை கூடும். அந்த ரிலேக்குத் திசைத் தடை வையுங்கள், அல்லது பட்டியலை இரவு, மதியம் என்று இரண்டாக்குங்கள்.

மின்தடைக்குப் பிறகு ஃபீடரைப் போட்டதும் ஓவர்கரண்டில் மறுபடி விழுகிறது

விழும் முன் திரையில் 3 மெகாவாட். ஃபீடருக்குள் 5 மெகாவாட் சூரிய மின்சாரம் ஓடிக்கொண்டிருந்தது. உண்மைச் சுமை 8. மறுபடி போடும்போது இன்வெர்ட்டர்கள் உடனே வராது, ஐ.இ.இ.இ. 1547-இன் இயல்புத் தாமதம் 300 வினாடி. அந்த ஐந்து நிமிடமும் 8 மெகாவாட், அதோடு எல்லா மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே நேரத்தில் கிளம்பும் கூடுதல் சுமை. ஃபீடரை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

பெரிய இருட்டிலிருந்து மீட்கும்போது இது இன்னும் கூர்மையாகக் கடிக்கும். தொடரமைப்பார் 3 மெகாவாட் துண்டு என்று நினைத்து 8 மெகாவாட்டைச் சிறிய ஜெனரேட்டர் மேல் ஏற்றுகிறார்கள். அலைவெண் குப்புற விழுகிறது. சமாளித்து நின்றால், 300 வினாடி கழித்து 5 மெகாவாட் ஒரே வீச்சில் திரும்பி வருகிறது, அலைவெண் எகிறுகிறது. மீட்புத் திட்டத்தில் ஒவ்வொரு ஃபீடருக்கும் இரண்டு எண் வேண்டும்: மறைந்த சுமை சேர்ந்த மொத்தம், திரும்பி வரப்போகும் உற்பத்தி. இன்வெர்ட்டர்களில் படிப்படியாக ஏறும் வசதியையோ, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு தாமதத்தையோ போட்டு வையுங்கள்.

குழாய்ச் சத்தம்போல் கபாசிட்டர் முனகுகிறது, ஃபியூஸ் போகிறது

பஸ்ஸின் பழுது மட்டம் (ஷார்ட் சர்க்யூட் ஆனால் அங்கே பாயக்கூடிய அளவு) 250 எம்.வி.ஏ., கபாசிட்டர் 5 மெகாவார் என்றால் 250 ÷ 5 = 50, அதன் வர்க்கமூலம் 7.07. ஏழாவது ஹார்மோனிக்கில் (அடிப்படை அலைவெண்ணின் ஏழு மடங்கில்) ஒத்ததிர்வு. மேலே ஒரு லைனைத் திறந்து பழுது மட்டம் 125 ஆகக் குறைந்தால் ஐந்தாவதுக்கு நகரும். கோளாறு சில நாள் மட்டும் வருவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். மேல்பக்க ஸ்விட்சிங் பதிவோடு தேதிகளை ஒத்துப்பாருங்கள்.

மேலிருந்து உற்பத்தியைக் குறைக்கச் சொன்னார்கள், குறைத்தோம், எல்லையில் ஒன்றுமே மாறவில்லை

இரு தரப்பும் சொன்னதைச் சரியாகச் செய்தும் வரும் கோளாறு இது. ஒரு 33 கே.வி. லைன் 20 மெகாவாட் தாங்கும். அதன் பின்னால் அ, ஆ, இ என்று மூன்று நிலையங்கள், இன்றைய காற்றுக்கு 28 மெகாவாட் கொடுக்கக்கூடியவை. பகிர்மானத்தின் தானியங்கி வரம்புக் கட்டுப்பாடு, கடைசியாக இணைந்த இ நிலையத்தை 8 மெகாவாட் அடக்கி வைத்திருக்கிறது. லைனில் சரியாக 20.

தொகுப்பில் உற்பத்தி கூடிவிட்டது. தொடரமைப்பு மையம் அ நிலையத்திடம் 5 மெகாவாட் குறைக்கச் சொல்கிறது. அ குறைக்கிறது. லைனில் 15. தானியங்கிக் கட்டுப்பாட்டுக்கு மேலே நடந்தது எதுவும் தெரியாது. 5 மெகாவாட் இடம் காலியாகிவிட்டது என்று மட்டுமே தெரியும். சில வினாடிகளில் இ நிலையத்தை 5 மெகாவாட் விடுவிக்கிறது. லைனில் மறுபடி 20. மேலே இருப்பவர் கட்டளை நிறைவேறவில்லை என்று நினைத்து இன்னும் 3 கேட்கிறார். அதுவும் நிரம்புகிறது.

கண்டுபிடிக்க: அ குறைந்த நேரத்தையும் இ ஏறிய நேரத்தையும் வினாடி அளவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். கண்ணாடிப் பிம்பம்போல் இருந்தால் சந்தேகமே இல்லை.

தீர்க்க மூன்று வேலை. எந்த நிலையம் எந்த வரம்புக்குப் பின்னால் இருக்கிறது என்ற பட்டியலைத் தொடரமைப்பு மையத்துக்குக் கொடுத்து, ஸ்விட்சிங் மாறும்போதெல்லாம் புதுப்பியுங்கள். வரம்பு செயலில் இருக்கும்போது அந்தக் குழுவில் குறைப்பு கேட்பது வீண் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்துவிடும். இரண்டாவது, கட்டளை நடப்பில் இருக்கும் நேரத்துக்கு ஒரு 'நிறுத்திவை' சமிக்ஞை: அது வந்ததும் தானியங்கிக் கட்டுப்பாடு தன் வரம்பை 20-லிருந்து 15-ஆகத் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளும். கட்டளை முடிந்ததும் வரம்பு திரும்புவது படிப்படியாக இருக்கட்டும், நிமிடத்துக்கு 1 மெகாவாட் என்று வைத்தால் எல்லையில் திடீர் ஏற்றம் வராது. மூன்றாவது, முன்னுரிமை. பேட்டரியை மேலே இருப்பவர் வெளியே தள்ளச் சொல்லும் நேரத்தில் உள்ளூர் லைன் நிரம்பியிருந்தால் யார் சொல் நிற்கும்? லைனின் வெப்ப வரம்பே முதலில் நிற்க வேண்டும், ஏனென்றால் அறுந்த லைனால் இருவருக்கும் உதவி இல்லை. அதை இப்போதே எழுதி, இரு மையத்துத் திரையிலும் ஒரே வரிசையில் தெரியும்படி வையுங்கள்.

எழுதியபின் ஒரு காற்றுள்ள நாளில் சோதித்துப் பாருங்கள்: வரம்பு செயலில் இருக்கும்போது 2 மெகாவாட் மட்டும் குறைக்கக் கேட்டு, 10 நிமிடம் எல்லை மீட்டரைப் பாருங்கள். 2 மெகாவாட் குறைந்து, குறைந்தபடியே நின்றால் சமிக்ஞை வேலை செய்கிறது. குறைந்து ஒரு நிமிடத்தில் நிரம்பினால் சமிக்ஞை வழியில் எங்கோ நிற்கிறது. பெரும்பாலும் கேட்வே பெட்டியின் (இரு மையத்துக்கும் இடையே சமிக்ஞையைக் கடத்துவது) முகவரிப் பட்டியலில் அந்தப் புள்ளி சேர்க்கப்பட்டிருக்காது, அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.